வெள்ளிக்கிழமைகளை எடுத்துவிட்டார்கள்

திரையில் ஒரு வரி சிவப்பானது. விஜயா வாயிலிருந்த பலாச்சுளையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு நாற்காலியை முன்னால் இழுத்தாள். சென்னைக்கு வெளியே, அவள் கண்ணால் பார்த்தேயிராத ஒரு கட்டடத்தில், ஏதோ ஒரு சர்வரின் டிஸ்க் படுத்துவிட்டது. ஆயிரக்கணக்கில் சர்வர் ஓடும் கூடத்தில் தினமும் ஒன்றிரண்டு படுக்கத்தான் செய்யும். அதற்காக யாரும் அழப்போவதில்லை. அதில் இருந்ததற்கெல்லாம் வேறு டிஸ்க்குகளில் நகல் உண்டு. செத்ததைக் கழற்றிவிட்டுப் புதியதைச் செருக ஆளை அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. அப்படி அனுப்பும் உத்தரவுக்கு டிக்கெட் என்று பெயர். டிக்கெட் போடுவது விஜயாவின் பிழைப்பு.

டிக்கெட் போட்டதும் போனை எடுத்தாள். போன் செய்யச் சொல்லி எந்த விதியும் இல்லை. அவளாக ஏற்படுத்திக்கொண்ட வழக்கம் அது.

"அஷ்பாக்கு, ஏழாவது வரிசை, மேல இருந்து மூணாவது பொட்டி. லைட்டு போட்டு உட்டிருக்கேன், தெரியுதா கண்ணு?"

"தெரியுதுங்கக்கா, மினுக்கு மினுக்குங்குது." அவன் கத்தித்தான் பேச வேண்டும். அந்தக் கூடத்து விசிறிகளின் இரைச்சல் அப்படி. "மலை மேல மழைங்களா?"

"மழை எங்க, பனிதான். எதுத்தாப்புல பஸ் நிக்கறதே தெரியல."

"குடுத்து வெச்சவீங்க. இங்க வெளிய மண்டை காயுது, உள்ள வந்தா ஸ்வெட்டர் இல்லாம நிக்க முடியல. நல்ல பொழப்பு போங்க."

அஷ்பாக் மலையடிவாரத்துப் பேளுக்குறிச்சிக்காரன். அம்மா தாஹிரா பீவி அங்கே சந்தையில் வளையல் கடை போடுகிறவர். முதல்முறை பேசியபோது அவன் தங்கள் பக்கத்துப் பேச்சில் வீட்டை 'ஊடு' என்று சொன்னதைக் கேட்டு விஜயா சத்தமாகச் சிரித்துவிட்டாள். மலைமேல் சோளக்காட்டில் மிளகு வியாபாரி ஒருவரின் கிடங்குக்கு மேலே அவள் வாடகைக்கு எடுத்திருந்த அந்த அறையில், யாரும் சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது. நல்ல இணையக் கம்பி அதுவரைக்கும்தான் வந்திருந்தது. கீழே நாளெல்லாம் பேரம் நடக்கும், பஸ் வரும், போகும். மாடிக்கு ஒருவரும் வருவதில்லை. பெங்களூர் அலுவலகத்துக்காரர்கள் எதையும் எழுத்தில்தான் கேட்பார்கள். சாயங்காலம் மலைக்குள்ளே தேவனூர் நாட்டில் இருக்கும் வீட்டுக்குத் திரும்பினால் அம்மா பாப்பாயி, சர்க்கரையில் பார்வை மங்கி, ஏழு மணிக்கே படுத்திருப்பார். ஆகப் பகல் முழுக்க விஜயாவிடம் பேசும் மனிதக் குரல் அஷ்பாக்குடையது ஒன்றுதான். அவன் முகம் எப்படியிருக்கும் என்று அவளுக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமைதான் சிக்கல். பகலில் கூடத்துக்கு ஒரே ஆள் என்று அஷ்பாக்கை வேலைக்கு வைத்திருந்த ஒப்பந்தக்காரர்கள் கணக்குப் போட்டிருந்தார்கள். அந்த ஆள் ஜும்ஆ தொழுகைக்குப் போனால் கூடத்தில் யாரும் இல்லை. விடுப்புக் கேட்டதற்கு, வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம் என்று பதில் வந்தது. அதற்கப்புறம் அவன் கேட்கவில்லை. விஜயாவிடம் ஒருநாள் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"நீ போய்ட்டு வா சாமி. ஒரு மணி நேரத்துல எந்த டிஸ்க்கும் ஓடிப்போயிராது" என்றாள்.

அன்றுமுதல் வெள்ளி மதியம் அந்தக் கூடத்தில் எது சிவப்பானாலும் அவள் 'கண்காணிப்பில்' என்று குறித்துவைத்துவிடுவாள். அவசரமானது என்றால் மட்டும் வேறு சர்வருக்கு வேலையை மாற்றிவிட்டு, அதன் டிக்கெட்டையும் நிறுத்திவைப்பாள். அவன் திரும்பி வந்து, "வந்துட்டேனுங்கக்கா" என்றதும் டிக்கெட் போகும். வருடக்கணக்கில் இப்படி ஓடியது. யாருக்கும் ஒரு குறையும் வரவில்லை.

தை மாதத்தில் மணிவண்ணன் போனில் பேசினார். பெங்களூரில் அவளுக்கு மேலதிகாரி. கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது; பிறந்தநாளுக்கு மறக்காமல் வாழ்த்து அனுப்புவார். இனி டிஸ்க் படுத்தால் பார்ப்பது, வேலையை மாற்றுவது, டிக்கெட் போடுவது எல்லாவற்றையும் ஒரு கணினி நிரலே செய்துகொள்ளும் என்றார்.

"நீங்க இத்தனை வருஷம் செஞ்சதைப் பார்த்துத்தான் அது கத்துக்கிச்சு, விஜயா. உங்க வேலை அவ்வளவு சுத்தம். அதைக் கவனிச்சுக்க ஒரு ஆள் வேணும். இங்க கவிதா இருக்காங்க, நீங்க இருக்கீங்க. உங்களைத்தான் சொல்லலாம்னு இருக்கேன்."

"ரொம்ப சந்தோசங்க சார்."

"ஒண்ணே ஒண்ணு இடிக்குது. வெள்ளிக்கிழமை மத்தியானம் சென்னைக் கூடத்துக்கு மட்டும் டிக்கெட் லேட்டா போயிருக்கு. எல்லா வாரமும். நிரல்தான் கண்டுபிடிச்சுச்சு. மத்த ஊருக்கெல்லாம் அதே நேரத்துல டாண்ணு போட்டிருக்கீங்க."

கரண்ட் போய்விட்டது என்று சொல்லவும் வழியில்லாமல் அடைத்துவிட்டார்.

"அங்க ஆள் இருக்கறதில்லையா? அந்தப் பையன் எங்கயாவது போயிடறானா?" மணிவண்ணன் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "தைரியமா சொல்லுங்க. உங்க மேல ஒண்ணும் வராது, நான் பார்த்துக்கறேன்."

நாக்கு நுனிவரைக்கும் வந்தது. இந்த வேலையை விட்டால் அவள் படிப்புக்கு மலையில் வேறு வேலை கிடையாது. கீழே இறங்கிப் போனால் அம்மாவுக்கு ஒருவாய் கஞ்சி ஊற்ற ஆள் கிடையாது. ஆமாங்க என்ற ஒரு சொல்தான். அதைச் சொல்ல அவளுக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது என்பதை நினைத்து அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

"அவரு அங்கதான் இருப்பாருங்க சார். நான்தான்... சென்னைக்குன்னா அவசரமில்லைன்னு அசால்ட்டா உட்டுட்டேன். என் தப்புதானுங்க."



"சரி. நிரல்ல இருந்து அந்த வெள்ளிக்கிழமைகளை மட்டும் எடுத்துடறோம். தப்பானதை அது கத்துக்கக் கூடாது பாருங்க" என்றார்.

ஒரு வாரம் கழித்துக் கடிதம் வந்தது. கவிதா இருப்பார். விஜயாவுக்கு மாசி கடைசிவரை சம்பளம் உண்டு. அதுவரை திரையைப் பார்க்கலாம், எதையும் தொட முடியாது.

அன்றைக்கே அஷ்பாக்கைக் கூப்பிட்டாள்.

"இனிமே நான் டிக்கெட் போட மாட்டேன் கண்ணு. மிசினே போட்டுக்கும். வெள்ளிக்கிழமையும் போட்டுரும். கால் மணி நேரத்துல எடுக்கலைன்னா உங்க கம்பெனிக்கு நேரா சொல்லிரும்."

"ஒரு மணி நேரம் பொறுக்காதுங்களா அது?"

"அதுக்கு வெள்ளிக்கிழமைன்னா என்னன்னே தெரியாது. நீ உங்க ஆபீசுல இன்னொருக்கா கேட்டுப் பாரு."

"கேட்டேனுங்க. தொழுவணும்னா ஊட்லயே இருந்து தொழுன்னு சொல்லிப் போட்டாங்க." சிரித்தான். அப்புறம், "உங்களுக்கு ஒண்ணும் ஆவலையே?" என்றான்.

"எனக்கென்ன, வேற வேலைக்கு மாத்துறாங்க" என்றாள் விஜயா. அவள் சொன்னதை அவன் நம்பினான்.

அடுத்த இரண்டு வெள்ளியும் ஒரு டிஸ்க்கும் படுக்கவில்லை. மூன்றாவது வெள்ளி அறையைக் காலி செய்வதற்காக விஜயா துணியால் மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கீழே வாழைத்தார் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். திரும்பிப் பார்த்தபோது வரி சிவப்பாக இருந்தது. சென்னைக் கூடம்.

நிரல் அவள் செய்வதைப் போலவே செய்தது. அவளைவிட வேகமாகவே செய்தது. வேலையை மாற்றியது, லைட்டைப் போட்டது, டிக்கெட்டை அஷ்பாக் பெயருக்கு அனுப்பியது. கூடத்து போனை வெளியே எடுத்துப் போகக்கூடாது என்பதால் அது உள்ளேதான் கிடக்கும். அவன் சொந்த போனுக்கு அடித்தாள். அணைத்து வைத்திருந்தான். மறுபடி அடித்தாள். 'கண்காணிப்பில்' பொத்தான் நிறம் மங்கிக் கிடந்தது. தெரிந்தும் அதை அழுத்தினாள், மறுபடியும் அழுத்தினாள். ஒரு நினைவூட்டல் போனது. இன்னொன்றும் போனது. பிறகு திரையில் வரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. கூடத்தில் ஆள் இல்லை. ஒப்பந்த நிறுவனத்துக்குத் தெரிவிக்கப்பட்டது. அவர் பெயருக்கான நுழைவு அனுமதி நிறுத்தப்பட்டது. மாற்று ஆள் வருகிறார்.

ஆள் வந்து டிஸ்க்கும் மாறியது. வரி பச்சையானது.

சற்று நேரத்தில் போன் அடித்தது.

"அக்கா, கூப்பிட்டிருந்தீங்களா? இன்னிக்குப் பள்ளிவாசல்ல அசரத்து பயான் கொஞ்சம் நீண்டு போச்சுங்க." அவன் நடந்துகொண்டே பேசினான். பின்னால் ரோட்டில் லாரி போனது. "உங்க புது வேலைக்கும் சேத்து அல்லாகிட்ட துஆ கேட்டனுங்க. டிக்கெட்டு ஒண்ணும் வரலைதானுங்களே?"

"அஷ்பாக்கு..."

"ஒரு நிமிசங்க, கதவுகிட்ட வந்துட்டேன்."

போனில் 'பீப்' என்று ஒரு சத்தம் கேட்டது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று.

"என்னன்னு தெரியலைங்க, கார்டு எடுக்க மாட்டேங்குது. வேர்வை பட்டிருச்சாட்ட இருக்குது. இருங்க, சட்டையில தொடச்சுப் போட்டுப் பாக்கறேன்."

துணி உரசும் சத்தம் கேட்டது. விஜயா போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள். மறுபடியும் 'பீப்' என்றது.