தேவிகாவின் தண்ணீர்ப் போத்தல்

எண்பத்தேழாம் வருஷம், இன்னும் பேச்சு வராத என் மூன்று வயது மகள் தேவிகாவுக்கு, பிரிக்பீல்ட்ஸ் பேச்சுப் பயிற்சி மையத்து ரமணி டீச்சர் போட்ட திட்டம் சின்னதுதான்: அவளாகக் கைகாட்டிக் கேட்கும்வரை தண்ணீர் தரக்கூடாது.

நான் பண்டமாரானில் பெரிய லோரி ஓட்டுகிறவன். அவள் கண்ணசைந்தாலே போத்தலை நீட்டிப் பழகிய கையால் இப்போது அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"டீச்சர், பிள்ளைக்கு நா வறண்டு போயிரும்!"

"இப்பத்தானே ஆரம்பிச்சோம் லா அண்ணே. அவளுக்கு முன்னால நீங்க அழுதுருவீங்க போல."

"இவ கடைசிவரைக்கும் கேக்கவே மாட்டாளோ, டீச்சர்?"

டீச்சர் கண்ணால் தேவிகாவைக் காட்டினார். தேவிகா போத்தலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் கூரையில் சுழன்ற காற்றாடியைப் பார்த்தேன். அவள் எழுந்துபோய் டீச்சரின் சேலையை இழுத்து, என் கையிலிருந்த போத்தலை நோக்கி விரலை நீட்டினாள்.

என் மகள் சொன்ன முதல் சேதியே என்மேல் புகார்தான். சந்தோஷத்தில் எனக்கு மூடியைத் திறக்க வரவில்லை.