இருபத்திரண்டு மேடை

என் மகள் எஸ்தர் ஒரு அட்டைப்பெட்டிக்குள் சுருண்டு உட்கார்ந்திருந்தாள். மலேசியாவின் ஈப்போவில் எங்கள் சபையின் மேடையில், ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு, நூறு பேர் பார்க்க. அவள் தலைமேல் பழைய செய்தித்தாள், வாழைப்பழத் தோல், காலி பால் டின். பாஸ்டர் ஞானமுத்து மைக்கைப் பிடித்துக்கொண்டு, "இந்தக் குழந்தை எங்கே கிடந்தது? லகாட்டில், குப்பைத்தொட்டியில்!" என்று கத்தினார். பதினோரு வயதுப் பெண் குப்பையை விலக்கிக்கொண்டு பெட்டியை விட்டு வெளியே வந்து நின்று கை கூப்பினாள். பாஸ்டர் விரலை நீட்டியதும் அழ ஆரம்பித்தாள்.

இதை நான் இன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன்.

டிசம்பர் பள்ளி விடுமுறையில் சபையிலிருந்து பன்னிரண்டு பேர் இருபது நாள் தமிழ்நாட்டுக்கு ஊழியத்துக்குப் போனார்கள். என் கணவர் அப்பாவுவும் எஸ்தரும் அதில் இருந்தார்கள். எனக்குக் கையுறைத் தொழிற்சாலையில் லீவு கிடைக்கவில்லை. ஐந்து கவுனை இஸ்திரி போட்டு அனுப்பினேன். "தமிழ் பேசுற சீனப் பிள்ளையப் பார்த்தாலே ஊரு கூடிரும் சிஸ்டர்" என்று பாஸ்டர் அப்போதே சொன்னார். பிள்ளை பாடப் போகிறாள் என்று நினைத்தேன். எனக்கு அவ்வளவுதான் புத்தி. இன்று நன்றி ஆராதனை. அங்கே செய்ததை இங்கேயும் செய்து காட்டச் சொல்லியிருக்கிறார்.

எஸ்தர் சீனத்தி வயிற்றுப் பிள்ளை, நான் எடுத்து வளர்த்தவள். எங்கள் பக்கத்தில் இது ஒரு அதிசயமே இல்லை. நான் பால்மரம் சீவிய ரப்பர் தோட்டத்தில், ஒவ்வொரு லய வீட்டு வரிசையிலும் அப்படி ஒரு பிள்ளை வளர்ந்தது. தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றதும் நாங்கள் ஈப்போவை ஒட்டிய லகாட்டுக்குக் குடிவந்தோம். அங்கே பக்கத்து வரிசையில் ஆ யிங் இருந்தாள். ஈயக் குட்டையில் இடுப்பளவு தண்ணீரில் நின்று தட்டில் மண் அலசி ஈயம் எடுக்கிறவள். எஸ்தரைப் பெற்ற மாதமே அவள் புருஷன் மண் சரிந்து செத்தான். பிள்ளையின் நேரம்தான் அப்பனைத் தின்றது, வேறு இனத்தாரிடம் கொடுத்துவிடு, இல்லாவிட்டால் மூத்த மூன்றும் மிஞ்சாது என்று கோயிலில் குறி சொல்லிவிட்டார்கள்.

பிள்ளையைக் குளிப்பாட்டி, புதுத்துணி போட்டு, வயிறு நிறையப் பால் கொடுத்துக் கொண்டுவந்தாள். என் கையில் வைத்துவிட்டு மலாயில் ஒன்றே ஒன்று கேட்டாள். "ஜாங்கான் சக்காப் சாமா டியா." நான் பெத்தவள் என்று அவளிடம் சொல்லாதே. சொன்னால் பிள்ளையின் மனசு திரும்பி வரும், கெட்ட நேரமும் கூடவே வரும் என்று பயந்தாள். நான் சத்தியம் செய்தேன். எஸ்தருக்கு அவள் வெறும் லகாட் ஆன்ட்டி. வருஷா வருஷம் சீனப் புத்தாண்டுக்கு ஆரஞ்சு கொண்டுவருகிற ஆன்ட்டி.

பெத்தவர்கள் யார் என்று பாஸ்டர் ஒருமுறை கேட்டபோது, தெரியாது என்றேன். சத்தியத்துக்காகச் சொன்ன பொய். அந்த ஒற்றைப் பொய்யில்தான் இவர் குப்பைத்தொட்டி கட்டியிருக்கிறார்.

கடைசி வரிசையில் ஆ யிங் உட்கார்ந்திருந்தாள். பிள்ளை ஊரிலிருந்து வந்துவிட்டாள், வந்து பார் என்று நான்தான் கூப்பிட்டிருந்தேன். அவளுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் பெட்டியும் பழத்தோலும் லகாட் என்ற பேரும் விளங்கத் தமிழ் எதற்கு? நான் திரும்பிப் பார்த்தபோது ஆரஞ்சுப் பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தாள்.

எழுந்தேன். அப்பாவு என் முழங்கையைப் பிடித்தார்.

"உக்காரு நவமணி. ஆளுங்க பாக்குறாங்க, லா."

"பாக்கட்டும். இருபது நாளு நீங்களும் பாத்துக்கிட்டுத்தான இருந்தீங்க?"

கையை உதறிவிட்டு மேடைக்குப் போனேன்.

"சிஸ்டர், ஆராதனை நடக்குது" என்றார் பாஸ்டர்.

"குப்பைத்தொட்டின்னு ஒங்களுக்கு யாரு சொன்னா?"

அவர் மைக்கை மூடிக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "தெரியாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? கேக்குறவங்க மனசு உருகணும்லா. எத்தன பேரு ரட்சிக்கப்பட்டாங்க தெரியுமா?"

"ஒங்க பேத்திய இந்தப் பெட்டியில உக்கார வைப்பீங்களா?"

பெட்டியை எட்டி உதைத்தேன். பால் டின் உருண்டு மூப்பர்கள் உட்கார்ந்திருந்த முதல் வரிசைக்குப் போனது. ஒருவரும் அதை எடுக்கவில்லை. எஸ்தரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

ஆ யிங் பஸ் நிற்கிற இடத்தில் வெயிலில் நின்றிருந்தாள். எங்களைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பதினோரு வருஷம் காத்த சத்தியத்தை நான் அந்த ரோட்டோரத்தில் உடைத்தேன்.

"எஸ்தர், ஒன்ன யாரும் குப்பையில போடல. இவங்கதான் ஒன்னப் பெத்தவங்க. குளிப்பாட்டிப் பால் குடுத்து, எங்கையில குடுத்தாங்க. ஒன்னக் காப்பாத்தத்தான் குடுத்தாங்க."

மேடையில் அப்படி அழுத பிள்ளை இப்போது அழவில்லை. என்னையே பார்த்தாள்.

"இருபத்திரண்டு மேடைம்மா. மொதல்ல எனக்கு அழுகையே வரல. ஒன்னப் பெத்தவ ஒன்னத் தூக்கிப் போட்டான்னு நெனச்சுக்கோ, அழுக வரும்னு பாஸ்டர் சொன்னாரு. நெனச்சேன். வந்துச்சு. தெனமும் நெனச்சேன்."

நான் அவள் கையைத் தொடப் போனேன், இழுத்துக்கொண்டாள்.

"ஒனக்குத் தெரியும்தானே? ஏன் சொல்லல?"

"சத்தியம் பண்ணிக் குடுத்துட்டேன், கண்ணு."

"எனக்கா பண்ணுன?"

பாஸ்டரிடம் கேட்க எனக்கு ஆயிரம் கேள்வி இருந்தது. இவள் கேட்டது என்னிடம். என் கோபம் முழுக்க என் மேலேயே திரும்பியது.

எஸ்தர் ஆ யிங் பக்கம் போனாள். பள்ளிக்கூட மலாயில், "ஆன்ட்டி, சாயா தா தாவு" என்றாள். எனக்குத் தெரியாது என்று. திரும்பத் திரும்ப அதையே சொன்னாள். ஆ யிங் பிள்ளையின் முடியில் ஒட்டியிருந்த செய்தித்தாள் துண்டை எடுத்தாள். அதைக் கீழே போடவில்லை. கைக்குள் மூடிக்கொண்டாள்.

லகாட் பஸ் வந்தது. ஆ யிங் ஏறினாள். எஸ்தர் அவள் பின்னாலேயே ஏறி, அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். என்னைக் கூப்பிடவில்லை. நானும் ஏறி, இரண்டு இருக்கை தள்ளிப் பின்னால் உட்கார்ந்தேன்.