அவள் போட்ட முடிச்சு

லேப் அக்காவுக்கு அருவருப்பே கிடையாது என்று ஊரில் சொல்வார்கள். பதினோரு வருடமாக அவள் கை புழங்கியதெல்லாம் மலம், சிறுநீர், சளி, ரத்தம். காலையில் வரிசையாக வந்து நிற்கும் டப்பாக்களைத் திறந்து, குச்சியால் கொஞ்சம் எடுத்துக் கண்ணாடித் தகட்டில் தடவி, மைக்ராஸ்கோப்பில் பார்த்து, புழு முட்டை உண்டா இல்லையா என்று எழுதுவாள். பிறகு முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, பக்கத்து அறையில் உட்கார்ந்து நிதானமாக பன்னை டீயில் நனைத்துச் சாப்பிடுவாள். யாராவது முகத்தைச் சுளித்தால், "எல்லார் வயித்துலயும் இருக்கறதுதானே" என்பாள்.

அதனால்தான் ஊர்த் திடலைச் சுத்தம் செய்யலாம் என்ற பேச்சு வந்தபோது, சர்வேயர் முதலில் அவள் வீட்டுக் கதவைத் தட்டினார். ரிட்டயர் ஆன மனிதர். நிலத்தை அளந்து அளந்து பேச்சை அளக்க மறந்துவிட்டார் என்று ஸ்கூல் பஸ் டிரைவர் அவரைக் கிண்டல் செய்வார்.

"நீங்க வந்து நின்னாதான் மத்தவங்களுக்குத் தைரியம் வரும்மா" என்றார் சர்வேயர்.

பள்ளிக்கூடச் சுவருக்கும் பஸ் நிறுத்தத்துக்கும் நடுவில் இருந்தது அந்தத் திடல். ஏழெட்டு வருடமாக ஊரே அங்கேதான் கொட்டியது. மழையில் ஊறித் தலையணை மாதிரி உப்பிப்போன டயப்பர்கள், மூட்டை மூட்டையாகக் கோழி இறகு, இரண்டாகப் பிளந்த கம்மோடு, எலி குட்டி போட்டிருந்த மெத்தை. முதல் ஞாயிறு அந்த மெத்தையைப் புரட்டியபோது கீழே ஒரு நாய் பாதி மண்ணாகிக் கிடந்தது. சர்வேயர் சுவருக்குப் பின்னால் ஓடிப்போய் வாந்தி எடுத்தார். லேப் அக்காதான் அதை மண்வெட்டியால் அள்ளிப் புதைத்தாள்.

பதினான்கு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. பன்னிரண்டு பேராகத் தொடங்கி இருபது பேர் வரை வந்தார்கள். பேக்கரி அம்மா ஆளுக்கொரு பிஸ்கட் பொட்டலத்தோடு வருவாள், வரும்போதே ஊர்க்கதையும் கொண்டுவருவாள். தபால் ஆபீசில் வேலை பார்க்கும் லேப் அக்காவின் நாத்தனார், முதுகு வலியைப் பொருட்படுத்தாமல் கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றினாள். புல் பிடித்தது. நாற்பது கன்றுகள் நின்றன. சுற்றி நடக்க ஒரு பாதை வந்தது. லேப் முதலாளி இரண்டு சிமென்ட் பெஞ்சுகள் போட்டுக் கொடுத்தார். முதுகு சாயும் இடத்தில் லேபின் பெயர் நீலப் பெயின்டில் பளிச்சென்று இருந்தது. சாயங்காலம் குழந்தைகள் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டுப் புல்லில் உருண்டார்கள்.

பதினைந்தாவது ஞாயிறு, திடலின் மூலையில் இருந்த முள்புதருக்குப் பின்னாலிருந்து நாற்றம் வந்தது. எலி ஏதாவது செத்திருக்கும் என்றார்கள். டிரைவர் பாதி உடம்பைப் புதருக்குள் நுழைத்து ஒரு கறுப்புப் பையை இழுத்து வெளியே போட்டார். அப்புறம் இன்னொன்று. மூன்றாவதை இழுக்கும்போது "ஸ்ஸ்" என்று கையை உதறினார்.

"என்னங்க?"

"முள்ளு குத்திடுச்சு, ஒண்ணுமில்ல."

கறுப்புப் பை ஓரத்தில் கிழிந்து உள்ளேயிருந்த மஞ்சள் பை தெரிந்தது. வாயை இரண்டு முறுக்கு முறுக்கி, இரட்டை முடிச்சுப் போட்டு, வாலை முடிச்சுக்குள்ளேயே செருகியிருந்தது. ஒழுகாமல் இருக்க அப்படிக் கட்டுகிறவள் அந்த ஊரில் ஒருத்திதான் உண்டு. தினமும் சாயங்காலம் லேபைப் பூட்டுவதற்கு முன் அவள் கட்டி, பின்கதவருகே வைத்துவிட்டு வருகிற பை அது.

யாரும் பார்ப்பதற்குள் இதை இங்கிருந்து கொண்டுபோய்விட வேண்டும் என்பதுதான் லேப் அக்காவுக்கு முதலில் தோன்றியது.

"இதைப் பிரிக்க வேணாம். கோழிக்கடைக் கழிவு மாதிரி இருக்கு. நானே தூரக் கொண்டுபோய்ப் போட்டுடறேன்" என்றாள்.

"கோழிக்கடைக்காரனா? அப்ப விடவே கூடாது. கையும் களவுமா காட்டணும்ல?" என்று சொல்லிக்கொண்டே பேக்கரி அம்மா தன் கையிலிருந்த இரும்பு வாரியைப் பைக்குள் செருகி இழுத்தாள்.

பை வாய் பிளந்தது. ரத்த ட்யூப்கள், சிரிஞ்சுகள், பஞ்சு, டப்பாக்கள் எல்லாம் புல்லின் மேல் சரிந்தன. உடைந்த ட்யூப்களிலிருந்து ரத்தம் கறுத்துக் குழம்பாக வழிந்தது. பஞ்சில் வெள்ளைப் புழுக்கள் நெளிந்தன. ஈக்கள் ஒரே வீச்சாக எழுந்து எல்லோர் முகத்திலும் மோதிவிட்டு மறுபடி உட்கார்ந்தன. ஒவ்வொரு ட்யூபிலும் டப்பாவிலும் ஒட்டியிருந்த சீட்டில் பெயர், வயது, பரிசோதனை. எல்லாம் லேப் அக்காவின் முத்து முத்தான கையெழுத்து.

"தள்ளிப் போங்க, யாரும் தொடாதீங்க. ஊசி இருக்கு!" என்று கத்தினாள்.

யார் காதில் விழுந்தது? பேக்கரி அம்மா ஒரு குச்சியால் ஒரு டப்பாவைத் திருப்பி, தலையைச் சாய்த்துப் படித்தாள். "ஐயே, இது நம்ம சர்வேயர் சாரோடது!" ஒருவர் சிரித்தார். அது போதுமானதாக இருந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தவர்கள் கையை எடுத்துவிட்டுக் குனிந்தார்கள். தள்ளுபடித் துணிக் குவியலில் தேடுவதுபோல் குச்சியால் கிளறினார்கள். இவருக்குச் சர்க்கரையாமே, அவள் எதற்கு இந்த டெஸ்ட் எடுத்தாள், பாரேன் பாரேன். புழுக்களுக்கு மேலாக அவ்வளவு ஆவலோடு குனிந்திருந்த முகங்களைப் பார்த்து லேப் அக்காவுக்குக் குமட்டியது. ஒருவருடைய ரிசல்ட்டை அவள் இதுவரை தன் கணவனிடம்கூடச் சொன்னதில்லை.

பேக்கரி அம்மா இன்னொரு டப்பாவைத் திருப்பினாள். நாத்தனாரின் பெயரைப் படித்தாள். வயது முப்பத்தேழு என்று படித்தாள். அடுத்ததைப் படிக்கும்போது குரல் தானாகவே தாழ்ந்தது. ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

"கர்ப்பம்."

எல்லாக் கண்களும் நாத்தனாரின் வயிற்றுக்குப் போயின. அவள் கணவன் விட்டுவிட்டுப் போய் நான்கு வருடம் ஆகிறது என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். அவள் பூவாளியைச் சாயாமல் தரையில் வைத்தாள். யாரையும் பார்க்காமல் பாதை வழியாக நடந்து போய்விட்டாள்.

முதுகு வலிக்கு எக்ஸ்ரே எடுக்கும் முன் எந்தப் பெண்ணுக்கும் டாக்டர் எழுதிக் கொடுக்கிற பரிசோதனை அது. இல்லை என்றுதான் ரிசல்ட்டும் வந்தது. அதைச் சொல்ல லேப் அக்கா வாயைத் திறந்தாள். சுற்றி நின்றவர்களின் முகத்தைப் பார்த்ததும், இவர்களுக்கு எதற்கு விளக்கம் என்று வாயை மூடிக்கொண்டாள்.

அப்போதுதான் டிரைவர் கையுறையைக் கழற்றினார். கட்டைவிரலுக்குக் கீழே ஒரு பொட்டு ரத்தம். புதருக்குள் முள்ளுக்கு நடுவே நீட்டிக்கொண்டிருந்த ஊசியை அவர் இப்போது பார்த்துவிட்டார்.

"அக்கா, முள்ளு இல்ல போலிருக்கு."

அவள் அவரைக் குழாயடிக்கு இழுத்துப் போய்க் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். நிறுத்தாமல் கழுவிக்கொண்டே இருந்தாள். "உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க. மருந்து குடுப்பாங்க, இன்னிக்கே ஆரம்பிக்கணும். அப்புறம் ரத்தம் டெஸ்ட் பண்ணணும். ஒரு தடவை இல்ல, ஆறு மாசம் வரைக்கும்."

"எங்க பண்றது? இருக்கறது உங்க லேப் ஒண்ணுதானே" என்றார் டிரைவர். சிரிக்கத்தான் பார்த்தார். உதடு ஒத்துழைக்கவில்லை.

சர்வேயர் அவளைத் தனியாக அழைத்துப் போனார். "இதைப் பெரிசு பண்ண வேணாம்மா. பெஞ்ச் போட்டுக் குடுத்த மனுஷன். அடுத்து ஊஞ்சல் வாங்கித் தரேன்னு சொல்லியிருக்கார். புதைச்சிடுவோம், முடிஞ்சுது."

"புதைக்கறதா? பிள்ளைங்க வெறுங்காலோட ஓடற இடம் சார் இது. டிரைவருக்கு ஊசி குத்தியிருக்கு."

"அவரு தங்கமான மனுஷன், ஒண்ணும் சொல்ல மாட்டார்."

பேசும்போதே அவர் விரல்கள் எதையோ உருட்டிக்கொண்டிருந்தன. தன் டப்பாவிலிருந்து கிழித்தெடுத்த சீட்டு. அந்த ஈரக் காகிதத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அதே கையால் அவள் தோளைத் தட்டிக் கொடுத்தார். அவள் தோளைச் சுருக்கிக்கொண்டு விலகினாள்.

மூன்று பைகளையும் இரும்பு வாளிகளில் போட்டு மூடி, மதியம் முதலாளி வீட்டு வாசலில் கொண்டுபோய் வைத்தாள். முதலாளி கைலியோடு வந்து, அவள் நடந்ததைச் சொல்லி முடிக்கும் வரை கேட்டார். குரலை உயர்த்தியே பழக்கமில்லாத மனிதர். அப்போதும் உயர்த்தவில்லை.

"கழிவு எடுக்கற வண்டி நாலு மாசமா வரலம்மா. வாட்ச்மேன்கிட்ட எங்கயாவது பாத்துப் போடுப்பான்னு சொன்னேன். அவன் அங்க போடுவான்னு நான் கண்டேனா?"

"எங்கயாவதுன்னா எங்க சார்?"

அவர் கைலியை இறுக்கிக் கட்டிக்கொண்டார். "நாலு மாசமா நீ கட்டி வெச்ச பையை யார் எடுத்துட்டுப் போறாங்கன்னு ஒரு நாளாவது கேட்டியா?"

செவ்வாயும் வெள்ளியும் பின்கதவில் ஹாரன் அடிக்கிற வண்டி அடிக்காமல் போனது அவளுக்கும் தெரியும்தான். பை காலையில் அங்கே இருக்காது. அது போதுமென்று இருந்துவிட்டாள்.

"ஊசி குத்துப்பட்டவருக்கு எல்லா டெஸ்டும் ஃப்ரீயா பண்ணிடலாம். திடலுக்கு இன்னும் ரெண்டு பெஞ்ச் போட்டுடறேன். வாளியை உள்ள வெச்சிட்டுப் போ" என்றார். வாளியை அவர் தொடவில்லை. செருப்புக் காலால் வாசலிலிருந்து கொஞ்சம் தள்ளிவிட்டார்.

அவள் வாளிகளைத் திரும்ப எடுத்துக்கொண்டாள்.

வீட்டில் நாத்தனார் சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்த்து முடித்த பாத்திரத்தையே மறுபடி தேய்த்தாள்.

"பேக்கரி அம்மா அதுக்குள்ள வந்துட்டுப் போயாச்சு அண்ணி. அண்ணன்கிட்ட கேக்கறா, எத்தனை மாசம்னு. அனுதாபமாம்."

"உங்க அண்ணன் என்ன சொன்னார்?"

"அவருக்கு எதுவும் தெரியாதே. திருதிருன்னு முழிச்சார். அப்புறம் நான் எக்ஸ்ரே விஷயத்தைச் சொன்னேன். அதுக்கப்புறம் என் முகத்தைப் பாக்க முடியாம மாடிக்குப் போயிட்டார்."

"என் கையெழுத்துதான் உன்னை மாட்டி விட்டுச்சு. நான் கட்டின பைதான்" என்றாள் லேப் அக்கா. "அதை மூடி மறைக்கத்தான் முதல்ல பாத்தேன். பழியைக் கோழிக்கடைக்காரன் தலையில போட்டேன். அவன் என்ன பாவம் பண்ணினான்? என்னை நினைச்சா எனக்கே குமட்டுது."

நாத்தனார் குழாயை மூடினாள். "நாளைக்குச் சுகாதார ஆபீஸ் போறீங்களா?"

"போகணும். போனா வேலை போயிடும்."

"நானும் வர்றேன். என் பேரு போட்ட டப்பாவும் அதுல இருக்கட்டும். எல்லாரும் பாத்தாச்சு, ஆபீசரும் பாக்கட்டுமே."

திங்கட்கிழமை இருவரும் ஆளுக்கொரு பக்கம் வாளியைப் பிடித்துக்கொண்டு போனார்கள். சுகாதார ஆய்வாளர் மூடியைத் திறந்தவர் நாற்காலியோடு பின்னுக்கு நகர்ந்தார். மூக்கைப் பொத்திக்கொண்டே மனுவைப் படித்தார். ஆனாலும் மறுநாளே வந்தார். புதருக்குப் பின்னால் தோண்டச் சொன்னார். அன்று மட்டும் மேலும் பதினேழு பைகள் கிடைத்தன. எல்லாவற்றிலும் அதே முடிச்சு. "இதெல்லாம் யார் கட்டினது?" என்று கேட்டார். "நான்தான்" என்றாள். அதையும் எழுதிக்கொண்டார்.

லேபுக்குப் பூட்டுப் போட்டார்கள். ஊரில் யாருக்கும் அது பிடிக்கவில்லை. சர்க்கரை பார்க்கக்கூட இனி பஸ் ஏறி ஒரு மணி நேரம் போக வேண்டும். கடையில் சாமான் வாங்கும்போது லேப் அக்காவின் காதுபடவே பேசினார்கள். தன் முதலாளி சோற்றில் மண்ணைப் போட்டவள் என்றாள் பேக்கரி அம்மா. கர்ப்பக் கதையை மட்டும் யாரும் திருத்திச் சொல்லவில்லை. நாத்தனார் தபால் ஆபீஸ் கவுன்டரில் உட்கார்ந்திருக்கும்போது ஆட்கள் ஸ்டாம்ப் வாங்கிக்கொண்டே மேசைக்கு மேலாக எட்டிப் பார்த்தார்கள்.

அடுத்த ஞாயிறு திடலுக்கு வந்தது மூன்றே பேர். டிரைவர், நாத்தனார், லேப் அக்கா. புதைந்த பைகள் கிழிந்து மண் முழுக்கக் கண்ணாடிச் சில்லு; பிள்ளைகள் உள்ளே வராதபடி சுற்றிலும் கயிறு கட்டியிருந்தது. தாங்கள் போட்ட புல்லைத் தாங்களே செதுக்கி எடுத்து, மணல் சலிக்கிற சல்லடையில் கூடை கூடையாகச் சலித்தார்கள். சல்லடையில் நின்ற சில்லுகளையும் ஊசிகளையும் லேப் அக்கா இடுக்கியால் எடுத்து டின்னில் போட்டாள். சில நாள் மண்ணோடு சேர்ந்து பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு பஞ்சு வரும். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு எடுப்பாள். அதுவரை அப்படித் திருப்பிப் பழக்கமில்லாத முகம்.

இரண்டு மாதம் கழித்து டிரைவரின் முதல் ரிசல்ட் நல்லதாக வந்தது. இன்னும் இரண்டு பாக்கி. கோழிக்கடைக்காரரிடம் போய் லேப் அக்கா நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டாள். "எனக்குத் தெரியவே தெரியாதேம்மா" என்று சிரித்தவர், அடுத்த வாரம் ஒரு மண்வெட்டியோடு வந்து நின்றார். எதுவும் கேட்கவே இல்லை, தோண்ட ஆரம்பித்தார்.

ஒரு ஞாயிறு சர்வேயர் பாதையில் நடைப்பயிற்சிக்கு வந்தார். கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றார்.

"இன்னும் எத்தனை நாள் ஆகும்மா? பிள்ளைங்க விளையாட இடமில்லாம ரோட்டுல நிக்குதுங்க. ஊர்ல எல்லாரும் கேக்கறாங்க."

"நாலு சல்லடை இருக்கு சார். ஆளுதான் இல்ல" என்றாள் அவள்.

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, ஒரு வேலை இருக்கிறது என்று சொல்லி நடந்தார்.

மழைக்காலம் வந்தது. ஒவ்வொரு மழைக்கும் மேல்மண் கரைந்து, சலித்து முடித்த இடத்திலேயே புதுசாகச் சில்லுகள் வெயிலில் மின்னின. கயிறு அவிழ்க்கப்படவில்லை. மழை விட்ட மறுநாள் லேப் அக்கா இடுக்கியும் டின்னுமாக வந்து ஒரு மூலையிலிருந்து தொடங்குவாள். பின்னாலேயே மற்ற மூவரும் வருவார்கள்.