மாலை போட்டவர்

தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போவதாக மனைவி கீர்த்திகாவிடம் சொல்லிவிட்டு, தயாளன் தனியாக வந்தது ஹெவி மெட்டல் கச்சேரிக்கு. வங்கி அதிகாரி, கல்லூரியில் படிக்கும் மகளுக்கு அப்பா. இந்த இரைச்சல்தான் உயிர் என்று யாரிடம் சொல்வது? பொய்க்குப் பொருத்தமாக மஞ்சள் சட்டை. தைப்பூச விரத மாலையைக் கழற்ற முடியாது. அதுவும் கழுத்தில் கிடந்தது.

கித்தார் அலறியதும் கண்ணை மூடித் தலையைச் சுழற்றினார். பின்னாலிருந்து யாரோ இடுப்பை இறுக்கிப் பிடித்தார்கள். மண்டபத்துக் காவலாளி, தமிழர்.

"அண்ணே, சாமி வந்துடுச்சு லா உங்களுக்கு. பயப்படாதீங்க, நான் பிடிச்சுக்கிறேன்."

காவலாளி தன் சட்டைப் பையிலிருந்த பொட்டலத்தைப் பிரித்து தயாளனின் நெற்றி நிறையத் திருநீறு பூசினார். சுற்றியிருந்த இளைஞர்கள் கைபேசிகளை உயர்த்தினார்கள். பாட்டுக்குத்தான் ஆடினேன் என்று சொல்ல தயாளனுக்கு வாய் வரவில்லை. சாமி மலையேறியவர்போல் மெல்லத் தளர்ந்து நடித்தார்.

வீட்டில் கதவைத் திறந்த கீர்த்திகா அந்த நெற்றியைப் பார்த்து நெகிழ்ந்துபோனாள்.

"நல்ல தரிசனமாங்க?"

"ம்."

மாலை போட்டவர் என்று அவர் காலைத் தொடக் குனிந்தாள். தயாளன் பின்னால் நகர்ந்தார். சாத்திய கதவு முதுகில் இடித்தது.