றஞ்சிதத்தின் மூச்சுக்குழாய்

நான் பொறாமைக்காரிதான். கொட்டாஞ்சேனை முழுக்கத் தெரிந்த விஷயத்தை இங்கே மறைத்து என்ன ஆகப்போகிறது? என் மனிசன் கிளறன்ஸ் சந்தையில் மீன்காரியோடு இரண்டு வார்த்தை சிரித்துக் கதைத்து அரைக் கிலோ பாரை வாங்கி வந்தால், அன்றைக்கு எங்கள் வீட்டில் பருப்புதான். மீன் பூனைக்குப் போகும். பிள்ளையில்லாத வீடு. பதினேழு வருஷமாக எனக்கென்று இருப்பது அந்த ஒரு மனிசன். அவரைப் பங்கு போட எனக்கு மனம் வராது.

அப்படிப்பட்ட என்னிடம் வந்து, ஒரு ஒக்டோபர் மாதத்துப் பின்னேரம், வாயெல்லாம் பல்லாக நின்றுகொண்டு, "புளோறி, றஞ்சிதத்தைக் கட்டியாச்சு" என்றார்.

கட்டியாச்சாம்! எங்கள் பேச்சில் ஒரு பொம்பிளையைக் கட்டுவது என்றால் என்ன அர்த்தம் என்று நான் சொல்லத் தேவையில்லை. கையில் இருந்த அகப்பை அப்படியே நின்றுவிட்டது. பிறகுதான் தெரிந்தது, றஞ்சிதம் ஒரு படகு. எங்கள் ஒழுங்கையில் இருக்கும் றேமண்ட் அண்ணை நீர்கொழும்பில் யாரிடமோ வாங்கி, ஹெந்தளைக் கால்வாயில் கொண்டுவந்து கட்டியிருந்த பழைய மீன்பிடிப் படகு. படகு அவருடையது, இயந்திர வேலை கிளறன்ஸினுடையது, பிடிக்கிற மீனில் இருவருக்கும் பங்கு. துறைமுகப் பட்டறையில் இருபது வருஷம் ஃபிற்றராக இருந்து, வேலை போய், வீட்டில் குந்தியிருந்த மனிசனுக்கு அது பெரிய காரியம்.

படகுதானே என்று நானும் விட்டிருப்பேன். ஆனால் எங்கள் பக்கத்துப் படகுகளுக்கு அந்தோனியார், செபஸ்தியார், மாதா என்றுதான் பெயர் இருக்கும். இதற்கு மட்டும் ஏன் றஞ்சிதம்?

"வாங்கேக்கையே அந்தப் பேர்தான். படகுக்குப் பேர் மாத்தக்கூடாது, தெரியாதே உனக்கு?" என்றார்.

எனக்குத் தெரியாததை எல்லாம் தெரிந்து வைத்திருப்பவள் எதிர்வீட்டு பிறிஜெற். தொலைபேசிக் கடை வைத்திருக்கிறாள். ஊர்க்கதை முழுக்க அவள் காதுக்குள்ளால்தான் போகும். "அக்கா, நான் சொன்னன் எண்டு சொல்லிப்போடாதீங்கோ" என்று தொடங்கினாள். "உங்கட கலியாணத்துக்கு முதல் கிளறன்ஸ் அண்ணைக்கு ஒரு றஞ்சிதம் இருந்தவ. வீட்டுக்காரர் விடேல்லையாம். இப்ப கட்டி, வத்தளைப் பக்கம் இருக்கிறாவாம்."

வத்தளைக்கும் ஹெந்தளைக்கும் என்ன தூரம்? கூப்பிட்டால் கேட்கும். 

வத்தளைக் கதையை நான் எடுக்கவில்லை. எடுத்தால் பிறிஜெற்றின் தலை உருளும். "ஆர் அந்த றஞ்சிதம்?" என்று மட்டும் கேட்டேன்.

"ஒருத்தரும் இல்லை. படகோட வந்த பேர்." நகத்துக்குள் இருந்த கிறீஸைத் துணியால் துடைத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் எங்கள் வீட்டில் ஒரே கதை, டீசல் டாங்கிக் கதை. படகுக்கு இருபது வயதுக்கு மேல், டாங்கிக்கும் அதே வயது. விடிந்தால் ஹெந்தளை பஸ். பொழுதுபட டீசல் மணத்தோடு வருவார். சோற்றுக் கோப்பைக்கு முன்னால் இருந்துகொண்டு அவர் கதைப்பதைக் கேட்கவேண்டும்.

"றஞ்சிதத்துக்கு வயசு போட்டுதுதான். ஆனா உடம்பு கல்லு."

"அடியில கொஞ்சம் ஒழுகுது, பாவம்."

"வேற ஆரும் எண்டால் இழுத்துப் பிச்சிருப்பாங்கள். நானெண்டபடியால் பக்குவமாக் கழட்டினன்."

என் குசினித் தண்ணீர்க் குழாய் சொட்டுகிறது என்று நான் நூறு தரம் சொல்லியிருக்கிறேன். அது இன்றைக்கும் சொட்டுகிறது. அங்கே போய் டாங்கியைக் கழற்றி, உள்ளே இருந்த துருவைச் சுரண்டி, டீசலாலேயே மூன்று தரம் கழுவி, வெடித்த றப்பர் குழாய்களுக்குப் புதுசு போட்டு, ஒவ்வொரு முனைக்கும் இரண்டு கிளிப் வைத்து இறுக்கி, அடியில் எண்ணெயைத் திறந்து மூடும் பித்தளை டெப்பையும் மாற்றினார். நான் போய்ப் பார்க்கவில்லை. கேட்டுக் கேட்டு எனக்குச் செபமாலை மாதிரி மனப்பாடம்.

மார்கழி பிறந்தது. எங்கள் சந்த லூசியா கோயில் திருநாள் வருகிறது. திருநாளுக்குக் குளிக்கவென்று ஒரு சந்தன சவர்க்காரம் வாங்கி, அலுமாரியில் சேலைக்கு நடுவில் வாசத்துக்கு வைத்திருந்தேன். ஒரு காலை பார்த்தால் சேலை இருக்கிறது, சவர்க்காரத்தைக் காணவில்லை.

"ஆருக்குக் குடுத்தனீங்கள்?"

"றஞ்சிதத்துக்கு" என்றார், வெகு சாதாரணமாக.

நான் பேயறைந்தது போல நின்றதைப் பார்த்துவிட்டுத்தான் விளக்கம் சொன்னார். டீசல் பட்டாலும் சவர்க்காரம் கரையாதாம். ஓட்டை அடைக்க அதுபோல ஒன்றும் இல்லையாம். "உடுப்புச் சவர்க்காரம் முடிஞ்சுபோச்சு. அதான் இதை எடுத்தனான்."

"ஓகோ, அவவுக்குச் சந்தனம் கேக்குதோ?"

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு என்ன, பகிடியா? திருநாளுக்கு முதல்நாள் சோற்றுப் பார்சலைக் கட்டிக்கொண்டு நானே ஹெந்தளைக்குப் புறப்பட்டேன். வழியில் இரண்டு இடத்தில் ஆமிக்காரர் பஸ்ஸை மறித்து எங்களை இறக்கி, அடையாள அட்டையையும் பார்சலையும் பார்த்தார்கள். போர்க்காலத்தில் மனிசனுக்குச் சோறு கொண்டுபோவதும் லேசான வேலையில்லை.

படகு நீலம். உடம்பெல்லாம் பெயின்ற் உரிந்து கிடந்தது. பெயர் மட்டும் புத்தம்புது வெள்ளையில் மின்னியது.

"பேருக்கு மட்டும் ஏன் புதுசு?"

"பேர் வடிவாத் தெரியாட்டி ரோந்துக்காரன் மறிப்பான் புளோறி." எதைக் கேட்டாலும் மனிசனிடம் பதில் இருந்தது.

அன்றைக்கு அவர் டாங்கியில் கடைசிச் சோதனை செய்தார். மேலே வாத்துக் கழுத்துப் போல வளைந்து ஒரு சின்னக் குழாய். என் சந்தன சவர்க்காரத்தில் ஒரு துண்டைப் பிசைந்து அதன் வாயில் அடைத்தார். பிறகு டீசல் ஊற்றும் வழியால் சைக்கிள் பம்ப் வைத்து மெல்லக் காற்றடித்து, பொருத்துகளிலெல்லாம் சவர்க்காரத் தண்ணீர் பூசிக் குமிழி வருகிறதா என்று பார்த்தார். ஒரு குமிழியும் வரவில்லை. ஒரு தாய் பிள்ளையின் காய்ச்சல் விட்டதா என்று தொட்டுப் பார்ப்பது போல, அவர் கை அந்த டாங்கியைத் தடவியது. அந்தக் கையை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு ஒரு கம்பியால் சவர்க்காரத்தைத் தோண்டி எடுத்து, துணியால் குழாயைத் துடைத்தார். "இதுதான் மூச்சுக்குழாய். எண்ணெய் கீழ போகப்போக இதால காத்து உள்ள வரவேணும். இதைத் திறக்க மறந்தால் இன்ஜின் ஓடாது" என்றார்.

எனக்குப் புரிந்தது. டின் பாலுக்கு இரண்டு ஓட்டை போடாத பொம்பிளை உண்டா? ஒரு ஓட்டை போட்டுக் கவிழ்த்தால் பால் வராது.

"நாளைக்கு விடிய வெள்ளாப்பில றேமண்ட் அண்ணையோட கடலுக்குக் கொண்டுபோய்ப் பாக்கப்போறம்" என்றார்.

"நாளைக்குத் திருநாள்!"

"மத்தியானத்துக்கு முதல் வந்திடுவன்."

பதினேழு வருஷமும் சந்த லூசியா சுற்றுப்பிரகார ஊர்வலத்தில் என் பக்கத்தில் நடந்த மனிசன். இந்த வருஷம் அவளோடு போகப்போகிறார். அவர் சோற்றைத் தின்றுவிட்டு, ஒரு கிளிப் குறைகிறது என்று சந்திக் கடைக்குப் போனார். கருவிப் பெட்டியின் மேல் அந்தச் சவர்க்காரத் துண்டு கிடந்தது. எடுத்தேன், பிசைந்தேன், அந்தக் குழாய்க்குள் கட்டைவிரலால் அமத்தினேன். நாளைக்கு இன்ஜின் ஓடாது. றேமண்ட் அண்ணை கத்துவார். மனிசன் கோயிலுக்கு வருவார். அவ்வளவுதான் என் கணக்கு.

என் புத்தியைச் செருப்பால் அடிக்கவேண்டும். ஒரு ஓட்டை போட்ட டின்னிலும் முதலில் கொஞ்சம் பால் வரும். அதை நான் மறந்துபோனேன்.

மறுநாள் சுற்றுப்பிரகாரம் கோயில் வாசலைத் தாண்டவில்லை, அதற்குள் பிறிஜெற் சனத்தைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தாள். "அக்கா, ஹெந்தளையில இருந்து கோல் வந்தது. படகு நல்லாத்தான் போனதாம். நடுக்கடலில இன்ஜின் நிண்டு, துறைமுக வாய்ப் பக்கம் அள்ளுப்பட்டுப் போச்சுதாம். ரோந்துப் படகு வெடி வைச்சதாம்."

துறைமுகத்தில் தாக்குதல் நடந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. அந்தப் பக்கம் ஒரு படகும் தலை காட்டக்கூடாது. தமிழ்ப் பெயர் எழுதிய படகு, உள்ளே இரண்டு தமிழர், இயந்திரம் நின்றுவிட்டது என்கிறார்கள். எவன் நம்புவான்?

எனக்கு எதிரே லூசியம்மாளின் சுரூபம் வந்துகொண்டிருந்தது. கண்ணைத் தட்டில் ஏந்திக்கொண்டு நிற்கிறவள். எனக்கு நிமிர்ந்து பார்க்கத் துணிவு வரவில்லை. "அம்மா, அவர் உயிரோட வரட்டும், அந்த றஞ்சிதத்தோடயே இருக்கட்டும்" என்று நேர்ந்துகொண்டேன். பொறாமைக்காரி வாயில் அப்படி ஒரு வார்த்தை வந்தது அன்றைக்குத்தான்.

வெடி வானத்துக்குச் சுட்டதாம். இருவரையும் விசாரித்து, மூன்றாம் நாள் காலை விட்டார்கள். படகையும் தந்தார்கள். நான் ஹெந்தளைக்கு ஓடினேன். கால்வாய்க் கரையில் வலை தைக்கிறவர்கள் எல்லாம் கூடியிருக்க, றேமண்ட் அண்ணை தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்.

"ஃபிற்றராம் ஃபிற்றர்! இருபது வருஷம் என்னத்தைப் புடுங்கினனி? சோதனைக்கு வைச்ச சவர்க்காரத்தை எடுக்க மறந்தவனெல்லாம் ஒரு மெக்கானிக்கோ? என்ர தலைக்கு மேலால வெடி போச்சுது கிளறன்ஸ்! இனி இந்தப் படகில கால் வைக்காதே!"

கிளறன்ஸ் தலையைக் குனிந்துகொண்டு, "ஓம் அண்ணை. நான்தான் மறந்திட்டன்" என்றார்.

மறந்தாராம்! தன் வேலையில் யாராவது ஒரு ஆணி கோணல் என்று சொன்னால் மூன்று நாள் சாப்பிடாத மனிசன். நான் கூட்டத்துக்குள் புகுந்தேன்.

"அவர் மறக்கேல்லை! நான்தான் அடைச்சனான். அவர் எடுத்துத் துடைச்சவர், நான் திரும்ப வைச்சனான்!"

கரையில் நின்ற எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு றேமண்ட் அண்ணை பெருமூச்சு விட்டார். "விடு தங்கச்சி. உனக்கு மூச்சுக்குழாய் எங்க இருக்கெண்டாவது தெரியுமோ?"

"டாங்கிக்கு மேல, வளைஞ்ச குழாய்!"

"நான் காட்டினனான், அதுதான் சொல்லுறா" என்றார் கிளறன்ஸ், சட்டென்று. "இவவின்ர கதையை எடுக்காதீங்கோ அண்ணை. என்ர பிழை."

வலைக்காரர் ஒருவர் நாக்கைச் சப்புக்கொட்டினார். "பாத்தியே, புருஷனுக்காகப் பழியைத் தன்ர தலையில போடுது. பொம்பிளை எண்டால் இப்பிடி இருக்கவேணும்." எல்லோரும் தலையாட்டினார்கள். நான் தொண்டை வற்ற உண்மையைச் சொல்லச் சொல்ல, என்னைப் பத்தினியாக்கிக்கொண்டே போனார்கள்.

வீட்டுக்கு வந்ததும் கிளறன்ஸ் பின்பக்கத் தண்ணீர்க் குழாயடிக்குப் போனார். சட்டைப் பையில் இருந்து ஒரு கடதாசிப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்து, கல்லின் மேல் வைத்தார். சவர்க்காரம். சந்தனமும் டீசலும் கலந்த மணம். நடுவில் ஒரு பெருவிரல் அடையாளம் அச்சுப் போல இருந்தது.

"இன்ஜின் நிண்ட உடன டாங்கி மூடியைத் திறந்தனான். சுர்ரெண்டு காத்தை இழுத்தது. அப்பவே விளங்கிச்சு. ஆனா காத்துப் புகுந்த இன்ஜின் திரும்ப ஓடேல்லை" என்றார். "எடுத்துப் பாத்தால் விரல். என்ர விரல் இவ்வளவு சின்னனில்லை."

"பிறகேன் என்ர பேரைச் சொல்லேல்லை?"

"சொன்னால் ரோந்துக்காரங்கள் உன்னையும் கொண்டுபோயிருப்பாங்கள்."

நான் அழுதேன். பதினேழு வருஷத்தில் அந்த மனிசன் முழுதாக என்னுடையவர் என்று எனக்குத் தோன்றியது அந்த ஒரு நிமிஷம்தான். அவர் குனிந்து முகத்தைக் கழுவியபடி தொடர்ந்தார்.

"ஏன் செய்தனி எண்டு கேப்பாங்கள். நீ வாயை மூடிக்கொண்டு இருப்பியோ? றஞ்சிதம் ஆரெண்டு வத்தளை முழுக்கத் தேடுவாங்கள். அவளுக்கும் புருஷன் பிள்ளையள் இருக்கு, பாவம்."

வத்தளை என்ற பெயரை நான் அந்த வீட்டில் ஒருநாளும் வாயால் எடுத்ததில்லை.

தான் சொன்னது அவருக்கும் உறைத்திருக்கவேண்டும். கழுவிய முகத்தையே திரும்பத் திரும்பக் கழுவினார். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. நான் துவாயைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவர் இப்போது மீன்பிடிக்கப் போவதில்லை. கரையில் யாரும் அவரிடம் வேலை கொடுப்பதுமில்லை. எந்நேரமும் என் கண்ணுக்கு முன்னால்தான் இருக்கிறார். இருபது வருஷப் பேரை அழித்து அவர் காப்பாற்றியது என்னையா, அவளையா? என் வாய்க்குப் பயப்படாத ஆள் கொட்டாஞ்சேனையில் இல்லை. இதை மட்டும் நான் இன்றுவரை அவரிடம் கேட்கவில்லை.