என் பெயரில் சர்வே

ஓட்டிப்போன லாரி பள்ளத்தில் சாய்ந்து முதுகில் அடிபட்டு வீட்டோடு இருந்த என் கணவர், போனில் சர்வேக்குப் பதில் சொல்லிச் சம்பாதிக்கப் போவதாக அறிவித்தார். அன்று நான் சிரித்த சிரிப்பு பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும்.

"யாரோ காதுல பூ சுத்துறான். நீங்களும் காதை நீட்டிக்கிட்டு உக்காந்திருக்கீங்க."

"காசு கட்டச் சொல்லல. ஓடிபி கேக்கல. அவன் கேள்வி கேக்கறான், நான் பதில் சொல்றேன். இதுல என்ன ஏமாத்து?"

நான் வேலை செய்வது ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில். அங்கே லென்ஸ் தேய்க்கிற அக்காவுக்குத் தெரியாத மோசடியே கிடையாது. அவரிடம் கேட்டேன்.

"முன்பணம் கேட்டா அவன் திருடன். கேக்கலன்னா கஞ்சன். அவ்வளவுதான் வித்தியாசம்" என்றார்.

கஞ்சன்தான் போலிருக்கிறது. ஆரம்பத்தில் கணவர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு எப்படியோ பிடி கிடைத்துவிட்டது. சேர்ந்த பாயிண்டுகளுக்கு ஒருநாள் பணமும் வந்தது. அதை வைத்து நல்லதாக ஒரு குடைகூட வாங்க முடியாது, ஆனால் வந்தது. பாங்க் மெசேஜை என் மூக்குக்கு நேரே நீட்டினார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

எனக்கு அதைவிடப் பெரிய ஆச்சரியம் வேறொன்று. மகள் ஹாஸ்டலுக்குப் போன பிறகு எங்கள் பேச்சு கேஸ், தண்ணீர், கரண்ட் பில் என்று மூன்றே விஷயத்தில் முடிந்துவிடும். அப்படிப்பட்ட மனிதர் ஒரு சாயங்காலம், நான் செருப்பைக் கழற்றும்போது கேட்டார்: "நாள் பூரா நிக்கிறியே, செருப்பு வாங்கறப்போ முதல்ல எதைப் பாப்ப?"

எதையோ கேட்கப் போய் இதைக் கேட்டுவிட்டாரோ என்று பார்த்தேன். இல்லை, உண்மையாகவே பதிலுக்குக் காத்திருந்தார். குதிகால் வலியைச் சொன்னேன். மறுநாள், வேலையில் எது எரிச்சலூட்டும் என்றார். கண்ணாடியின் மேல் உட்கார்ந்து நொறுக்கிவிட்டு 'அதுவா உடைஞ்சிருச்சு' என்று சத்தியம் செய்கிறவர்களைப் பற்றிச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். தூங்குவதற்கு முன் என்ன நினைப்பேன், எதற்குக் கவலைப்படுவேன், யாரிடம் மனம்விட்டுப் பேசுவேன்... எல்லாம் கேட்டார். எல்லாவற்றையும் கொட்டினேன். உச்சி குளிர்ந்துபோனது என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. கடை மூடியதும் பறந்தேன்.

"என்னடி, புதுப்பொண்ணு மாதிரி ஓடறே?" என்று அக்கா கிண்டல் செய்தார். செய்யட்டும் என்று விட்டுவிட்டேன்.

பிறகு ஒருநாள் வீட்டுக்கு வந்தால், மனிதர் இடிந்துபோய் உட்கார்ந்திருக்கிறார்.

"அக்கவுண்டை மூடிட்டான். இருந்த பாயிண்டும் போச்சு."

"ஏன்?"

"டயர் பத்தி உங்க கருத்து என்னன்னு கேட்டான். கொஞ்சம் விரிவா எழுதிட்டேன்."

"அதுக்குப் போயி மூடுவானா?"

என்னைப் பார்க்காமல் சொன்னார். "கண்ணாடிக் கடையில வேலை செய்யற பொம்பளை, லோடோட மலை இறங்கறப்போ டயர் எப்படிச் சூடாகும்னு பக்கம் பக்கமா எழுதினா அவனுக்குச் சந்தேகம் வராதா?"

எனக்கு விளங்க ஒரு நிமிடம் பிடித்தது. கஞ்சன், திருடன் என்று யாரையோ சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். ஆள்மாறாட்டம் செய்தவர் என் வீட்டு சோபாவில் இருந்திருக்கிறார்.

"அப்போ தினமும் என்கிட்ட கேட்டீங்களே, அதெல்லாம்?"

கையிலிருந்த போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நான் மனசைக் கொட்டிக்கிட்டிருந்தேன். நீங்க பாயிண்ட் சேத்துக்கிட்டிருந்தீங்க. அசடு மாதிரி தினமும் ஓடி ஓடி வந்தேனே!" அழுகை வந்துவிட்டது.

"முதல்ல என் பேர்லதான் போட்டேன்" என்றார் மெதுவாக. "வேலை? இல்ல. வருமானம்? இல்ல. 'இந்த சர்வேக்கு நீங்கள் தகுதி பெறவில்லை, நன்றி'ங்கறான். ஒவ்வொரு தடவையும் நன்றி வேற. உன்னைப் போட்டா கதவைத் திறந்து விடறான். என் கருத்து யாருக்கும் வேண்டாம்."

சுருக்கென்று ஏதாவது சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் உறைத்தது. அத்தனை சாயங்காலமும் அவர் கேட்டார், நான் பேசினேன். 'உங்களுக்கு எப்படி இருக்கு?' என்று ஒரு பேச்சுக்காவது நான் திருப்பிக் கேட்கவில்லை. காசுக்காகவாவது அவர் கேட்டார். என்னை அதுகூடக் கேட்க வைக்கவில்லை. கோபம் போய்விடவில்லை, ஆனால் பாதி என் பக்கம் திரும்பியிருந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"சரி, இப்போ நான் கேக்கறேன். முதுகு எப்படி இருக்கு?"

"பரவால்ல."

"பரவால்லன்னா?"

போனைக் கவிழ்த்து வைத்தார்.

"வலி எப்பவோ போயிடுச்சு" என்றார். "ஸ்டியரிங்கைப் புடிச்சாத்தான் கை நடுங்குது. நீ கேப்பேன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."