இன்னொருவர் மொழிபெயர்க்கட்டும்

நெரெய்தாவுக்கு நீதிமன்றத்தில் வாய் திறக்க உரிமை கிடையாது. அவளைத் தெரிந்தவர்களிடம் இதைச் சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். ரொட்டிக் கடையில் விலை கேட்கப் போனாலே முக்கால் மணி நேரம் பேசிவிட்டு வருகிறவள் அவள். ஆனால் சட்டம் அப்படித்தான். அவள் வக்கீல் இல்லை, துணைக்கு வருகிற ஆள். வீட்டில் அடி உதையைப் பார்த்தும் வாங்கியும் வளர்கிற பிள்ளைகளுக்காக, சலினாஸ் பள்ளத்தாக்கில் ஒரு சலவைக் கடைக்குப் பின்னால் இருக்கும் இரண்டு அறை அலுவலகத்தில் பன்னிரண்டு வருடமாக வேலை பார்க்கிறாள். படிவம் நிரப்பக் கற்றுக்கொடுப்பாள், பள்ளிக்கூடத்தில் போய்ச் சண்டை போடுவாள், விசாரணையன்று பிள்ளைக்குப் பக்கத்து நாற்காலியில் உட்காருவாள். கையைப் பிடித்துக்கொள்ளலாம். பேசினால் வெளியே அனுப்பிவிடுவார்கள். இதுவரை இரண்டு தடவை அனுப்பியிருக்கிறார்கள்.

அந்தத் திங்கட்கிழமை அவள் முன்னால் உட்கார்ந்திருந்தவள் யாரெட்சி. பதினாறு வயது. ஏழு வயதிலிருந்து அந்த வீட்டின் ஆங்கிலமே அவள்தான். அந்த ஊரில் இது அதிசயம் ஒன்றும் இல்லை. பெற்றவர்கள் மெக்சிகோவிலிருந்து வந்து லெட்யூஸ் கீரை வயலில் குனிந்தவர்கள், ஸ்பானிஷ் தவிர வேறு தெரியாது. மருத்துவரோ வங்கியோ வீட்டுச் சொந்தக்காரரோ, யாரிடம் பேசுவதானாலும் பிள்ளைதான் நடுவில். பள்ளிக்கூடத்துக்கு அம்மாவை வரச்சொல்லி, "உங்கள் மகள் வகுப்பில் ஓயாமல் பேசுகிறாள்" என்று ஆசிரியை புகார் சொன்னபோது, "நான் ரொம்ப நல்லா பேசுறேனாம்மா" என்று மொழிபெயர்த்தவள் இவள். அம்மா அம்பாரோ அந்த ஆசிரியைக்கு ஒரு கூடை ஸ்ட்ராபெரி கொடுத்துவிட்டு வந்தாள்.

அப்பா எரிபெர்த்தோ நாற்பது பேரை மேய்க்கிற வயல் மேஸ்திரி. அவருக்கும் மகள்தான் வாய். கம்பெனிக்காரர் போன் செய்தால், ஒலிபெருக்கியைப் போட்டுவிட்டு ஸ்பானிஷில் அவரை வண்டை வண்டையாகத் திட்டுவார். யாரெட்சி அதை "அப்பா உங்களுக்கு நன்றி சொல்றார் சார்" என்று ஆங்கிலத்தில் ஆக்கிவிடுவாள். தான் என்ன சொன்னாலும் அந்தப் பக்கம் பூவாகத்தான் போய் விழும் என்று மனிதருக்கு ஒன்பது வருடமாகப் பழகிவிட்டது.

மூன்று வாரத்துக்கு முன்னால் அவர் அம்பாரோவை அடித்த அடியில் காது கிழிந்தது. தடுக்கப் போன யாரெட்சிக்குத் தோள் இறங்கியது. மறுநாள் பள்ளிக்கூடத்தில் பார்த்துவிட்டார்கள். நீதிமன்றம் தற்காலிகமாக அவரை வீட்டைவிட்டு வெளியே போகச் சொன்னது. தன் தம்பி வீட்டில் போய்த் தங்கியிருந்தார். வியாழக்கிழமை விசாரணை. நீதிபதி உத்தரவை நீட்டிக்க மறுத்துவிட்டால் அன்று சாயங்காலமே சாவியோடு வந்து கதவைத் திறப்பார்.

அம்பாரோ முன்னறையில் வக்கீலம்மாவோடு தொலைபேசியில் இருந்தாள். உள்ளறையில் யாரெட்சி தன் பெயரில் ஒரு படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள்.

"அம்மாதான் எழுதிட்டாங்களே மிஸ். நான் எதுக்குத் தனியா?"

"அது அம்மாவோட பேப்பர். இது உன்னோடது. இந்த மாநிலத்துல பன்னெண்டு வயசு ஆயிட்டா பிள்ளைங்களே பாதுகாப்பு கேக்கலாம். பெத்தவங்க கையெழுத்து வேணாம்."

"அப்பா கையெழுத்து கூடவா?"

"அவர்கிட்டயிருந்து தப்பிக்க அவர்கிட்டயே போய் கையெழுத்து வாங்குவியாக்கும்! எழுதுடி மிஹா, என் மகளே."

யாரெட்சி சிரித்துக்கொண்டே எழுதினாள். முதல் பக்கம் முழுக்க அம்மாவுக்கு நடந்ததாகவே இருந்தது. நெரெய்தா அதைத் திருப்பிக் கொடுத்து, "உனக்கு என்ன நடந்துச்சு?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியை அதுவரை யாரும் கேட்டதில்லை போலும். மெல்ல மெல்லத் தோள் வந்தது, பூட்டிய குளியலறை வந்தது, உடைந்த போன் வந்தது. 'போலீஸ் எப்போதாவது வந்தார்களா?' என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது.

"மார்ச்ல வந்தாங்க," என்றாள். குரலே மாறிவிட்டது.

"என்ன ஆச்சு?"

"வந்தவருக்கு ஸ்பானிஷ் தெரியாது. 'நீ கேட்டுச் சொல்லு'ன்னார். அப்பா ஓவன் அடுப்புக் கதவுல அம்மா கைய வெச்சு சாத்தியிருந்தார். அம்மா எல்லாத்தையும் சொன்னாங்க மிஸ். 'என் கைய நசுக்கிட்டான், கொன்னுடுவேங்கிறான், என்னையும் பிள்ளைங்களையும் இங்கருந்து கூட்டிட்டுப் போங்க'ன்னு அழுதாங்க. போலீஸ்காரருக்குப் பின்னால அப்பா நின்னுட்டிருந்தார். என் தம்பி எலியான் கழுத்துல கைய வெச்சுக்கிட்டு. அவனுக்கு ஆறு வயசு."

"நீ என்ன சொன்ன?"

"அம்மா வழுக்கி விழுந்துட்டாங்க, ஆஸ்பத்திரி வேணாம்ங்கிறாங்கன்னு."

சலவைக் கடை இயந்திரங்கள் சுவருக்கு அப்பால் கடகடத்துக்கொண்டிருந்தன.

"அம்மாவுக்குத் தெரியாது மிஸ். உண்மையக் கேட்டுட்டும் போலீஸ் கண்டுக்காம போயிட்டாங்கன்னு எட்டு மாசமா நினைச்சிட்டிருக்காங்க. 'இந்த ஊர்ல நம்ம பேச்சு யார் காதுலயும் ஏறாது'ன்னு தினமும் சொல்வாங்க. நான் பக்கத்துல உக்காந்து சாப்பிட்டுட்டே இருப்பேன்."

நெரெய்தாவுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. பெண் மேல் இல்லை. அடுப்பங்கரையில் அடிபட்டவள் அழ, அடித்தவன் முன்னாலேயே பிள்ளையை மொழிபெயர்க்கச் சொல்லிவிட்டு நிம்மதியாகக் குறிப்பெழுதிய அந்த மகராசன் மேல். ஆனால் கோபத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அந்த அறிக்கை எரிபெர்த்தோவின் வக்கீல் கையில் நிச்சயம் இருக்கும். வியாழக்கிழமை அதைத்தான் வீசுவான். 'விழுந்தேன் என்று அன்றைக்குச் சொன்னவள் இன்றைக்கு மாற்றிச் சொல்கிறாள்' என்பான்.

முன்னறையில் இருக்கிற அம்பாரோவிடம் ஓடிப்போய்ச் சொல்லவும் முடியாது. பிள்ளை நம்பிச் சொன்னதைப் பிள்ளை அனுமதிக்காமல் யாரிடமும், பெற்ற தாயிடமும்கூட, சொல்லக் கூடாது. அந்த விதியை வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவள் ஒரு தடவையும் மீறியதில்லை.

"தப்பு உன்னுது இல்ல. அதை முதல்ல மண்டையில ஏத்திக்கோ," என்றாள். "ஆனா அந்தப் பேப்பர் வியாழக்கிழமை வரும். அம்மா அதை யார் வாயால கேக்கணும்னு நீதான் முடிவு பண்ணணும்."

"சொன்னா அம்மா என்னை மன்னிக்க மாட்டாங்க."

"மன்னிப்பாங்களா இல்லையான்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்ச மாதிரி உன்கிட்ட பொய் சொல்ல மாட்டேன்."

செவ்வாய்க்கிழமை யாரெட்சியிடமிருந்து ஒரு செய்தி வந்தது: இன்னும் சொல்லல. புதன்கிழமையும் அதேதான். நெரெய்தா பதிலுக்கு 'சரி மிஹா' என்று மட்டும் அனுப்பிவிட்டு, கல்லில் கிடந்த தோர்த்தியா ரொட்டியைக் கரியாக்கினாள்.

வியாழக்கிழமை எரிபெர்த்தோ இஸ்திரி போட்ட சட்டையில், புதிதாகப் பாலிஷ் போட்ட பூட்ஸில், கோயிலுக்கு வந்தவரைப் போல உட்கார்ந்திருந்தார். இந்தப் பக்கம் அம்பாரோ, அவளுடைய வக்கீலம்மா, யாரெட்சி, அவள் கையைப் பிடித்தபடி நெரெய்தா. நீதிபதி நரைத்த முடியை ஒட்ட வெட்டிய அம்மாள். மொழிபெயர்ப்பாளர் சல்தீவார் ஒல்லியான கிழவர். அவர் ஒலிவாங்கியில் முணுமுணுப்பது அம்பாரோ, எரிபெர்த்தோ இருவரின் காதுக் கருவியிலும் கேட்கும். ஸ்பானிஷில் பேசுவதைச் சத்தமாக ஆங்கிலத்தில் சொல்வார். முகத்தில் ஓர் அசைவும் இருக்காது. திட்டானாலும் அழுகையானாலும் அவர் வாயில் ரேஷன் கடை அறிவிப்பு மாதிரிதான் வரும்.

எரிபெர்த்தோவின் வக்கீல் எழுந்தான். மார்ச் மாத அறிக்கையை எடுத்தான். "அந்தப் பெண்மணி, தான் சமையலறையில் வழுக்கி விழுந்ததாகவும் சிகிச்சை வேண்டாம் என்றும் தெரிவித்தார்," என்று ராகமாகப் படித்தான்.

அது சல்தீவாரின் குரலில் அம்பாரோவின் காதுக்குப் போய்ச் சேர ஒரு நொடி ஆனது. அவள் கருவியைக் கழற்றிப் பார்த்தாள், அது ரிப்பேரோ என்று சந்தேகப்பட்டவளாக.

"நான் அப்படிச் சொல்லவே இல்ல! கன்னிமேரி சத்தியமா சொல்லல! கைய நசுக்கினான்னுதானே சொன்னேன்!"

"காவலர் உங்களிடம் எந்த மொழியில் பேசினார்?" என்று நீதிபதி கேட்டார். காகிதத்தைப் புரட்டினார். "'குடும்ப உறுப்பினர் உதவியுடன்' என்று இருக்கிறது. யார் அந்த உறுப்பினர்?"

நெரெய்தா நாக்கைக் கடித்துக்கொண்டாள். பன்னிரண்டு வருடத்தில், வாய் திறக்கக் கூடாது என்ற அந்த விதி இப்படி அவள் உயிரை வாங்கியதில்லை. அவள் பிடித்திருந்த கை மெல்ல நழுவியது. யாரெட்சி எழுந்து நின்றாள்.

"நான்தான்," என்று ஆங்கிலத்தில் சொன்னாள். "நான் பேசணும். ஆனா ஸ்பானிஷ்ல பேசறேன். ஐயா மொழிபெயர்க்கட்டும்."

"உனக்கு ஆங்கிலம் நன்றாக வருகிறதே அம்மா?"

"வரும். ஏழு வயசுலேருந்து எல்லாருக்கும் நான்தான் சொல்லியிருக்கேன். இதை எங்கம்மா என் வாயால நேரா கேக்கணும். இங்கிலீஷுக்கு இன்னைக்கு வேற யாராவது இருக்கட்டும்."

நீதிபதி ஒரு கணம் அவளைப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். யாரெட்சி அம்மாவின் பக்கம் திரும்பினாள்.

"அம்மா, நீங்க சொன்னத நான் சொல்லல. நீங்க கைய நசுக்கினான்னு சொன்னீங்க, கொன்னுடுவேங்கிறான்னு சொன்னீங்க, கூட்டிட்டுப் போங்கன்னு கெஞ்சினீங்க. எனக்கு ஒரு வார்த்தை மறக்கல. நான்தான் வழுக்கி விழுந்துட்டீங்கன்னு சொன்னேன். அவங்க உங்க பேச்சைக் கேக்காம போகலம்மா. நான் கேக்கவே விடல."

சல்தீவார் ஒரு சொல் விடாமல் ஆங்கிலத்தில் சொல்லி முடித்தார். அம்பாரோ மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வக்கீலுக்கு இது அல்வா. "அப்படியானால் அன்றைக்கு நீ பொய் சொன்னாய். இன்றைக்குச் சொல்வது மட்டும் உண்மை என்று எப்படி நம்புவது?"

"அன்னைக்கு எங்கப்பா கை என் தம்பி கழுத்துல இருந்துச்சு," என்றாள் யாரெட்சி. "இன்னைக்கு மேசை மேல இருக்கு."

எல்லோரும் மேசையைப் பார்த்தார்கள். எரிபெர்த்தோ கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டார். பிறகுதான் அவர் அந்தக் காரியத்தைச் செய்தார். கம்பெனிக்காரர்கள் முன்னாலும் மருத்துவர்கள் முன்னாலும் ஒன்பது வருடமாகச் செய்துவந்த அதே காரியம்தான். வெள்ளைக்காரர்களைப் பார்த்து மரியாதையாகப் புன்னகைத்தபடி, உதட்டோரமாக, மகளுக்கு மட்டும் ஸ்பானிஷில் ஒரு வார்த்தை விட்டார்.

சல்தீவார் தொண்டையைச் செருமிக்கொண்டார். அந்த அறையில் யார் எதைப் பேசினாலும் மொழிபெயர்ப்பது அவர் கடமை. பேசியவர் 'நான்' என்றால் அவரும் 'நான்' என்றுதான் சொல்லவேண்டும். ரேஷன் கடைக் குரலில், அறை முழுக்கக் கேட்கும்படி ஆங்கிலத்தில் சொன்னார்:

"வாயை மூடு நாயே. வீட்டுக்கு வந்து உன் வாயைக் கிழிக்கிறேன். உன் அம்மா கையை அடுப்பில் வைத்துச் சாத்தினேனே, உனக்குத் தலையை வைத்துச் சாத்துவேன்."

வக்கீல் பேனாவை மூடிச் சட்டைப் பைக்குள் வைத்தான். அறையில் அசைந்தது அது ஒன்றுதான்.

"நான் அவகிட்ட பேசினேன்! இந்தம்மாகிட்டயா பேசினேன்? எவன்டா உன்னைச் சொல்லச் சொன்னது, கிழட்டுப் பயலே!" என்று எரிபெர்த்தோ கத்தினார்.

சல்தீவார் முகம் மாறாமல் அதையும் மொழிபெயர்த்தார், கிழட்டுப் பயல் உட்பட.

நெரெய்தாவுக்கு எழுந்து நின்று கைதட்ட வேண்டும் போலிருந்தது. நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வாய்க்குள்ளேயே சிரித்தாள், அழுதாள்.

நீதிபதி இரண்டு மனுக்களையும் ஏற்றார். ஐந்து வருடம். வீட்டுக்கு, பள்ளிக்கூடத்துக்கு, மூன்று பேரில் யாருக்கும் நூறு கஜத்துக்குள் வரக்கூடாது. எலியானைப் பார்ப்பதானால் கண்காணிப்பாளர் முன்னால்தான். சாவியை இப்போதே மேசை மேல் வைக்கவேண்டும். எரிபெர்த்தோ காவலரின் முன்னால் சாவிக்கொத்திலிருந்து அதைக் கழற்றப் பட்ட பாட்டை அம்பாரோ இமைக்காமல் பார்த்தாள்.

வெளியே வராந்தாவில் யாரெட்சி அம்மாவிடமிருந்து நான்கடி தள்ளியே நடந்தாள். ஜெயித்தவள் மாதிரியே இல்லை. அம்பாரோ நின்றாள்.

"அவன் கை எலியான் கழுத்துலயா இருந்துச்சு?"

"ஆமாம்மா."

"நான் பாக்கல. கை வலில எனக்குக் கண்ணே தெரியல." அம்பாரோவின் குரல் உடைந்தது. "எட்டு மாசமா அந்தப் போலீஸ்காரப் பையன் குலத்தையே சபிச்சிட்டிருந்தேன். நீ ஒத்தையா இதை முழுங்கிட்டு என் எதிர்ல உக்காந்து சாப்பிட்டியா? வாடி இங்க."

இழுத்து அணைத்ததில் யாரெட்சியின் மூக்கு அம்மாவின் கிழிந்த காதில் இடித்தது. வலியில் அம்பாரோ 'ஆ' என்றாள், ஆனால் விடவில்லை.

"ஏழு வயசுல உன் தலையில கட்டின வேலை. என் தப்பு. இன்னையோட உன்னை வேலைய விட்டுத் தூக்கிட்டேன், புரியுதா?"

நெரெய்தா மூக்கைச் சிந்திக்கொண்டு தன் தொழிலுக்குத் திரும்பினாள். "அழுது முடிச்சாச்சா? உத்தரவோட முத்திரை போட்ட நகல் வேணும். பள்ளிக்கூடத்துக்கு ஒண்ணு, போலீஸுக்கு ஒண்ணு, வீட்டுச் சொந்தக்காரருக்கு ஒண்ணு, உங்க கைப்பையில ஒண்ணு, என்கிட்ட ஒண்ணு. அந்த ஜன்னல்ல போய் வாங்கணும்."

யாரெட்சி பழக்கதோஷத்தில் கிளம்பினாள்.

"உக்காரு," என்றாள் அம்பாரோ.

அவளே போய் வரிசையில் நின்றாள். முறை வந்ததும் ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண் அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு, அந்த ஊர் வழக்கப்படி, அவள் தோளுக்கு மேலாகப் பெஞ்சில் இருந்த யாரெட்சியைப் பார்த்து, "உங்கம்மாவுக்கு என்ன வேண்டும் என்று கேட்டுச் சொல்," என்றாள். யாரெட்சியின் வாய் தானாகத் திறந்தது. நெரெய்தா அவள் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள்.

அம்பாரோ கண்ணாடியை விரலால் தட்டினாள்.

"மீ," என்றாள். "டாக் மீ. காப்பி. ஃபைவ்."

ஜன்னல்காரிக்கு முகம் சிவந்தது. மன்னிப்புக் கேட்டுவிட்டு, அவளைப் பார்த்தே, நிதானமாகப் பெயரைக் கேட்டாள். அம்பாரோ ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்துச் சொல்லத் தொடங்கினாள். நீளமான பெயர். இரண்டு இடத்தில் தப்பு வந்து முதலிலிருந்து ஆரம்பித்தாள். பின்னால் ஏழு பேர் வரிசையில் நின்றார்கள். நிற்கட்டும்.